கோவில் பணியாளர்களுக்கு ஒரு நியமனக் கடிதமாவது கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் 14 ஆண்டுகளாக நற்கருணைப் பணியாளராக, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனாக, இருந்து வருகிறேன். இரண்டு முறை பங்குப் பேரவையிலும் உறுப்பினராக இருந்திருக்கிறேன். கோவில் விவகாரத்தைப் பொது நாளிதழுக்குக் கொண்டுபோகலாமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். பல மாதங்கள் தயங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். அரசாங்கம் தர முன்வந்த ஓர் உதவி எங்கள் கோவில் வாசலைத் தாண்டி உரியவர் கைக்கு வராமல் நிற்பதால், இது இனிமேலும் எங்கள் வீட்டு விஷயம் மட்டும் ஆகாது என்று எனக்குப் படுகிறது. பங்கின் பெயரையோ குருவின் பெயரையோ நான் எழுதவில்லை. ஒருவரைச் சுட்டிக் காட்டினால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, காரியம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். தருமபுரிப் பக்கத்து உறவினர்களும் பிற சபைகளைச் சேர்ந்த நண்பர்களும் இதே குறையைச் சொல்ல நான் கேட்டிருப்பதால், ஓர் ஊரோடு முடிகிற சங்கதியாகவும் இதை நான் கருதவில்லை.

கிறித்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பங்கு என்பது ஒரு தலைமைக் கோவிலும் அதைச் சுற்றி ஐந்தாறு கிளைக் கிராமங்களும் சேர்ந்தது. பங்குத்தந்தை ஒருவர்தான். கிளைக் கிராமங்களுக்கு அவர் மாதம் ஒருமுறையோ இருமுறையோ வந்து திருப்பலி என்கிற பூசையை நிறைவேற்றுவார். மற்ற நாட்களில் மணி அடித்துச் சனங்களைக் கூட்டுவதும், செபமாலை சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவதும், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற முதியவர்களுக்கு நற்கருணை கொண்டுபோய்க் கொடுப்பதும், சாவு விழுந்த வீட்டில் முதல் ஆளாய்ப் போய் நிற்பதும், குருவோ துறவியோ அல்லாத எங்களைப் போன்ற பொதுநிலையினரின் வேலை. இவர்களில், இந்த வேலைகளை முன்னின்று பார்க்கிற உபதேசியார் என்பவருக்கு மட்டும் மாதம் ஒரு சிறு தொகை உண்டு. மற்றவர்கள் எதையும் எதிர்பாராமல் செய்கிறவர்கள். அதில் எங்களுக்குக் குறையும் இல்லை.

எங்கள் உபதேசியாருக்கு இப்போது 58 வயது. கிருஷ்ணகிரி இன்னும் தருமபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1991இல், அன்றைய பங்குத்தந்தை வாய்வார்த்தையாகச் சொல்ல, வேலைக்கு வந்தவர். 2004இல் மாவட்டம் பிரிந்தது. சைக்கிள் போய்ப் பழைய மொபெட் வந்தது. இதுவரை ஒன்பது பங்குத்தந்தையரின் கீழ் வேலை பார்த்துவிட்டார். கோவில் தருகிற தொகை வீட்டுச் செலவுக்குப் பாதிகூடப் போதாது என்பதால், மாம்பழப் பருவத்தில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மாங்கூழ் ஆலை ஒன்றில் இரவுக் காவலுக்குப் போய்விட்டு, விடியற்காலை அங்கிருந்தே நேராகக் கோவிலுக்கு வந்து மணி அடிப்பார்.

உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்குமென்று தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்திருப்பதும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் அதற்கான விவரங்களைத் தருவதும் தெரியவந்தபோது, நான்தான் அவரைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், இரண்டு புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். இன்னார் இந்தக் கோவிலில் இத்தனை ஆண்டாக உபதேசியாராகப் பணிபுரிகிறார் என்று பங்குத்தந்தையிடமிருந்து நான்கு வரிக் கடிதம் ஒன்று மட்டும்தான் பாக்கி.

அன்றைய பங்குத்தந்தை, “திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றார். திருவிழா முடிந்து கொடியும் இறக்கியாயிற்று. பிறகு கெபி என்கிற சிறு குகைக்கோவில் கட்டும் வேலை வந்தது, அதற்குப் பின் கிறிஸ்துமஸ், அதற்குப் பின் தவக்காலம். உபதேசியார் ஒவ்வொரு முறையும் பங்கு இல்லத்து வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். மே மாதம் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. புதிதாக வந்தவர், “உங்களை நியமித்த கடிதம் எங்கே? எதை வைத்து நான் சான்று கொடுப்பது? முன்பு இருந்தவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். முன்பு இருந்தவரோ தொலைபேசியில், “நான் இப்போது அந்தப் பங்கிலேயே இல்லையே, நான் எப்படி அய்யா கையெழுத்துப் போட முடியும்?” என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் விண்ணப்பம் ஓராண்டுக்கும் மேலாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஏதாவது ஆதாரம் கிடைக்குமா என்று, அனுமதி வாங்கிக்கொண்டு, நானும் அவரும் பங்கு இல்லத்துப் பீரோவைத் திறந்து பார்த்தோம். திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு எல்லாம் பூச்சி அரிக்காமல் ஒழுங்காக இருந்தன. 1991க்குப் பிறகு வந்த பக்கங்களில் பெரும்பாலானவை உபதேசியாரின் கையெழுத்தில் உள்ளவை. சாய்வில்லாமல், அச்சுக் கோத்ததுபோல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். சாட்சிக் கட்டங்கள் பலவற்றில் அவர் பெயரே இருக்கிறது. ஆனால் அவர் அந்தக் கோவிலில் வேலை பார்த்தார் என்று சொல்கிற ஒரு தாள்கூட அங்கே இல்லை. கடைசியில் வரவு செலவு நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் மாதாமாதம் “மின்கட்டணம்”, “மெழுகுவர்த்தி”, “திராட்சை இரசம்” என்ற வரிகளுக்குக் கீழே “உபதேசியார்” என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. பெயர் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அலட்சியம் என்றால் திட்டுவதும் அவமதிப்பதும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பங்கில் யாரும் யாரையும் அப்படித் திட்டிவிடவில்லை. திருவிழா மேடையில் பொன்னாடைகூடப் போர்த்துவார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒருவரை வேலைக்கு வைப்பதையும், அவர் வேலையை மாற்றுவதையும், அவரை நிறுத்துவதையும் அவருக்குச் சொல்லாமலேயே செய்துவிட முடியும் என்ற பழக்கம் எங்கள் கோவில் நிருவாகத்தில் ஊறிப்போயிருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஞாயிறு மறைக்கல்வி நடத்தி வந்தவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். 11 ஆண்டுகள் ஒரு வாரம் தவறாமல் நடத்தியவர். ஊர்ப் பிள்ளைகள் மட்டுமன்றி அவர்களுடைய அம்மாக்களில் சிலரும் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோடை விடுமுறை முடிந்த முதல் ஞாயிறன்று, பழுப்புத் தாள் அட்டை போட்ட வருகைப் பதிவேட்டையும் சாக்குக்கட்டி டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவர் வந்தபோது, வகுப்பில் இன்னோர் இளம்பெண் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய மறைக்கல்வி ஆசிரியர் பட்டியலை முந்தின இரவு பத்தரை மணிக்குப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். டீச்சரிடம் இருப்பது பொத்தான் அமுக்குகிற சிறிய கைபேசி. அவர் அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டு, பதிவேட்டைக் கொடுத்து, எந்தப் பையனுக்குப் பலகையில் எழுதுவது சரியாகத் தெரியாது, அவனை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதையும், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் தாய்தகப்பனின் பிள்ளைகள் எந்த மூவர், அவர்களைப் பாட்டி வரும்வரை தனியே அனுப்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட்டு வந்தார். பிறகு திருப்பலியில் தம் வழக்கமான இடத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பட்டியலை நான் முந்தின இரவே பார்த்திருந்தேன். டீச்சர் பெயர் இல்லாததும் கண்ணில் பட்டது. சாமியார் அவரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கைபேசியை வைத்துவிட்டேன். ஆகவே இந்த அலட்சியத்தில் என் பங்கும் உண்டு. பின்னர் நான் கேட்டபோது, “அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று நினைத்தேன்” என்றார் பங்குத்தந்தை. புதிய பெண் நன்றாகப் பயிற்சி பெற்றவர், பிள்ளைகளோடு இதமாகப் பேசுகிறவர்; அந்த மாற்றத்தில் தவறில்லை என்றே நானும் சொல்வேன். டீச்சரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அவரே முன்னின்று அறிமுகப்படுத்தி வைத்திருப்பார். இப்போது அவர் கோவிலுக்கு வருகிறார், போகிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், எங்கள் கிளைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞன் ஓசூரிலிருந்து இரவு வேலை முடிந்து வரும்போது தேசிய நெடுஞ்சாலையில் விபத்தில் இறந்துவிட்டான். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் ஊருக்கு வரும்போது மறுநாள் மாலை நான்கு மணி. அக்கினி வெயில், இனித் தாமதிக்க முடியாது என்ற நிலை. அன்றைய பங்குத்தந்தை ஆண்டுத் தியானத்துக்குப் போயிருந்தார், கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. தமக்குப் பதில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று யாரிடமும் சொல்லிவைத்துப் போகவில்லை. பக்கத்துப் பங்குகள் இரண்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கிருந்தவர்களும் அதே தியானத்துக்குப் போயிருந்தார்கள். கடைசியில் உபதேசியாரும் நானும் சடங்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனோம். தீர்த்தச் செம்பு தலைமைக் கோவிலில் பூட்டியிருந்ததால், ஒரு குளிர்பானப் புட்டியில் இருந்த தீர்த்தத்தைத்தான் தெளித்தோம். குருவுக்கு மட்டும் உரிய பகுதிகளை விட்டுவிட்டு, பொதுநிலையினர் சொல்லலாம் என்று இருக்கிற செபங்களை மட்டும் சொல்லி, இருட்டுவதற்குள் அடக்கம் செய்தோம். அந்தத் தாயை அன்று வேறு எப்படி வீட்டுக்கு அனுப்புவது?

தியானம் முடிந்து வந்த பங்குத்தந்தை அடுத்த ஞாயிறு மறையுரையில், “சிலர் இங்கே அரைச் சாமியாராக நடமாடுகிறார்கள்” என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கோவிலில் இருந்த அத்தனை பேரும் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்கள். திருப்பலி முடிந்து நான் போய் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படியா, எனக்கு வேறு மாதிரிச் சொன்னார்கள்” என்றார். அதற்கடுத்த ஞாயிறு அவர் அதைத் திருத்திச் சொல்லவில்லை. பீடத்தில் ஒலிபெருக்கியில் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது. வராந்தாவில் சொன்ன ‘அப்படியா’ எனக்கு மட்டுமே கேட்டது. அன்றிலிருந்து நற்கருணைச் சிமிழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் போகும்போது, தேநீர்க் கடையில் யாராவது சிரித்தால் அது என்னைப் பார்த்துத்தானோ என்று ஒரு கணம் தோன்றும். நற்கருணையோடு போகிறவன் வழியில் யாரிடமும் பேசக்கூடாது என்பது எங்கள் பழைய பழக்கம். அதனால் ‘வாத்தியாரே’ என்று கூப்பிடுகிறவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுவேன்.

குருக்களின் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. பங்குத்தந்தையே பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். அவரே கட்டட வேலைக்கு மேஸ்திரியோடு சிமெண்டு மூட்டைக் கணக்குப் பார்க்க வேண்டும். நிலத் தகராறு என்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரே அலைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று இடங்களில் திருப்பலி வைத்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுகிற குருக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களையும் யாரும் கேட்பதில்லை என்றே நினைக்கிறேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலுமாகப் பல ஆண்டுகள் படிக்கிறார்கள். அறுபது வயது உபதேசியாரிடமும் இருபது வயதுப் பாடகர் குழுத் தலைவியிடமும் எப்படி வேலை வாங்குவது, எப்படி ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்பதைப் பெரும்பாலும் பங்குக்கு வந்துதான் கற்கிறார்கள். அதுவும் எங்களை வைத்துத்தான் கற்கிறார்கள்.

ஆனால் திருச்சபையின் சட்டம் இதில் குழப்பம் எதையும் வைக்கவில்லை என்பதுதான் வருத்தத்தைக் கூட்டுகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் பிரிவு, திருச்சபையின் சிறப்புப் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த பொதுநிலையினருக்கு அதற்கேற்ற பயிற்சி வேண்டும் என்றும், தம்மையும் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொள்ளத்தக்க ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஆணையில் உபதேசியார்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முழுநேரமாக உழைக்கிறவர்களுக்கு நியாயமான ஊதியம் தந்து, கண்ணியமான வாழ்க்கையையும் சமூகப் பாதுகாப்பையும் உறுதிசெய்ய வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 அன்று உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணிகளில் ஒன்றாகவே ஏற்படுத்தினார். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் கோவிலில் அதை வாசித்தார்கள். வாசித்தவர் எங்கள் உபதேசியார்தான்.

பங்கு நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்பது 537ஆம் பிரிவு. பங்குப் பேரவை ஆலோசனை கூறும் அமைப்பு மட்டுமே என்பது 536ஆம் பிரிவு. இந்த இரண்டாவதை மட்டும் எங்கள் பக்கத்தில் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். முடிவு எடுப்பது பங்குத்தந்தைதான் என்பதில் எனக்கு மறுப்பில்லை; பள்ளியில் முடிவு எடுப்பது தலைமையாசிரியர்தான். ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று காதுகொடுத்துக் கேட்காத தலைமையாசிரியரின் பள்ளி எப்படி இருக்கும் என்பதை நான் இரண்டு இடங்களில் வேலை பார்த்துப் பார்த்திருக்கிறேன். நான் இருந்த பேரவை கடைசி ஆண்டில் ஒரே ஒரு முறைதான் கூடியது. அதுவும் திருவிழா வசூலுக்கு. தேநீர் வருவதற்கு முன்னால் கூட்டம் முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பணியின் வயது என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன். தூய பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, தமிழ் சரியாகத் தெரியாத அவர், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துச் சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். அந்த உபதேசியார்களுக்குக் கூலி கொடுக்க, போர்த்துகீசிய அரசி கத்தரீனின் பாதரட்சைச் செலவுக்கென்று அந்தக் கரையில் வசூலித்து வந்த பணத்தை அவர் கேட்டு வாங்கினார். பிள்ளைகளுக்குச் செபம் கற்பிப்பவனுக்குக் கொடுப்பதைவிட அரசியை விண்ணகத்துக்கு நடத்திச் செல்கிற நல்ல செருப்பு வேறு இல்லை என்ற பொருளில் அவர் வாதாடினார் என்று படித்தபோது, நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது: உபதேசியார் இல்லாமல் தாம் ஞானஸ்நானம் கொடுத்த சனங்கள் ஓராண்டில் செபத்தை மறந்துவிடுவார்கள் என்பதும், உபதேசியாருக்கும் வயிறு உண்டு என்பதும்.

2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயமும் குருவல்லர், துறவியல்லர். திருவிதாங்கூர் அரண்மனையில் பணிசெய்த, மனைவியுள்ள பொதுநிலையினர். அவர் படத்தை எங்கள் கோவிலிலும் மாட்டியிருக்கிறோம், சங்கிலியோடு, முழங்காலில். படத்துக்கு மாலை போட ஆள் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கக் கூடாது. பங்குப் பேரவைத் தேர்தல் சில ஊர்களில் ஊராட்சித் தேர்தல்போலவே நடக்கிறது; எந்தத் தெரு, எந்த வகையறா என்ற கணக்கு அங்கேயும் வந்துவிடுகிறது. ஒரு முறை பொறுப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மறுப்பதும் உண்டு. வாசகப் பட்டியலில் தம் மகள் பெயர் வரவில்லை என்று மூன்று மாதம் கோவிலுக்கு வராதவரும் எங்கள் ஊரில் இருக்கிறார். குருவை ஒரு குடும்பத்தின் ஆளாக்கிக்கொள்ள விருந்து வைக்கிறவர்கள் பொதுநிலையினர்தாம். “எனக்கு வேறு மாதிரிச் சொன்னார்கள்” என்று அன்று பங்குத்தந்தை சொன்னாரே, அப்படிச் சொன்னவரும் எங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் காதில் ஓதுகிறவனுக்குத்தான் செல்வாக்கு கூடும். ஆகவே எழுத்தில் ஒழுங்கு வேண்டும் என்று நான் கேட்பது குருக்களுக்கு எதிரானது அன்று. அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

நான் கேட்பவை பெரிய காரியங்களும் அல்ல. உபதேசியாரோ, மறைக்கல்வி ஆசிரியரோ, நற்கருணைப் பணியாளரோ, யாரைப் பொறுப்பில் வைத்தாலும், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இன்ன வேலை என்று பங்கு முத்திரையோடு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதன் நகல் பங்கு இல்லத்திலும் ஆயர் இல்லத்திலும் இருக்க வேண்டும். காலம் முடிந்து ஒருவரை விடுவிப்பதானால், பட்டியல் வெளிவருவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு நேரில் சொல்ல வேண்டும். மாற்றலாகிப் போகிற குரு வருகிறவரிடம் சாவிக்கொத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைப்பதுபோல, பணியாளர்களையும் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். ஒரு மணி நேரம் ஆகுமா அதற்கு? குரு ஊரில் இல்லாத நாட்களில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் கோவில் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். சாவு நாள் பார்த்து வருவதில்லை. பங்குத்தந்தையோடு மனத்தாங்கல் வந்தால் போய்ச் சொல்ல, அவருக்கு மேல் ஒருவர் இன்னார் என்று எங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். இப்போது இரண்டே வழிகள்தான் இருக்கின்றன: வாயை மூடிக்கொள்வது, அல்லது ஆயருக்கு மொட்டைக் கடிதம் எழுதுவது. இரண்டாவதைச் செய்ய எனக்கு மனம் வராததால்தான், உங்களுக்குப் பெயரும் முகவரியும் எழுதி இதை அனுப்புகிறேன்.

உபதேசியாரின் ஊதியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்களைப் போல் ஓய்வூதியம் வாங்குகிறவர்களோ, நிலபுலம் உள்ளவர்களோ இலவசமாகச் செய்வது பெரிய தியாகம் ஒன்றும் அல்ல; மாதத் தொடக்கத்தில் என் வங்கிக் கணக்கில் பணம் ஏறிவிடுகிறது. முழுநேரம் கோவிலையே நம்பியிருப்பவருக்கு ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்வது நம்மைச் சேர்ந்த பொறுப்பை ஆண்டவர் தலையில் ஏற்றுவதாகும். திருவிழாவுக்குச் சப்பரம் சோடிக்க மலர்க்காரருக்கு ஒரே நாளில் கொடுத்த தொகையையும் அவருடைய ஓராண்டுத் தொகையையும் நான் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதோடு, அரசு கொடுக்க முன்வருகிற நல வாரிய உறுப்பினர் அட்டையால் கோவிலுக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு தாளும் முத்திரையும் ஒரு கையெழுத்தும்தான் வேண்டும். மாவட்ட நிருவாகமும் இதில் ஓர் உதவி செய்யலாம்: கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அனைத்துச் சபைகளின் பொறுப்பாளர்களையும் ஒரு நாள் கூட்டி, தங்களிடம் பணிபுரிகிறவர்களின் பட்டியலைக் கொடுக்கச் சொல்லலாம். கேட்கிற இடத்திலிருந்து கேட்டால் பட்டியல் தானாக உருவாகும் என்பது அரசுப் பணியில் நான் கற்ற பாடம்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் உபதேசியாரிடமும் டீச்சரிடமும் வாசித்துக் காட்டினேன். டீச்சர், பதிவேட்டுக்கு அட்டை போட்டது பழுப்புத் தாள் அல்ல, பழைய நாட்காட்டித் தாள் என்று திருத்தினார். மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உபதேசியார் மட்டும், “சாமியார் மனசு நோகாம இருக்கணும் சார்” என்றார், இரண்டு முறை. பல பங்குகள் சேர்ந்த எங்கள் மறைவட்டத்தின் முதன்மைக் குருவைச் சந்திக்க நாங்கள் மூவரும் நேரம் கேட்டிருக்கிறோம். நிரப்பிய விண்ணப்பத்தையும் வரவு செலவு நோட்டின் நகலையும் அதே மஞ்சள் பையில் எடுத்துப் போகிறோம். புகைப்படம் பழையதாகிவிட்டது என்று உபதேசியார் நேற்றுக் கிருஷ்ணகிரிக்குப் போய்ப் புதிதாக இரண்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)